கோமளாவின் கஸ்டம்ஸ் மேசை

"நான் ஒன்னும் தொடலையே" என்ற ஒரே வாக்கியத்தை எத்தனை குரலில் சொல்லலாம் என்று கோமளாவைக் கேட்க வேண்டும். கேட்டால் நடித்தே காட்டிவிடுவாள். விற்பனைப் பிரிவு டேவிட் டான், போலீஸ்காரனைக் கண்டவன்போல இரண்டு கைகளையும் தூக்கி, "ஐ நோ டச் லா, கோமளா!" என்பான். ஸ்டோர் பொறுப்பாளர் இஞ்சே ரசாக் தாடையைத் தடவிக்கொண்டு, குரலைக் கோப்பியில் நனைத்த பிஸ்கட்போல இளக்கி, மலாயில் "சாயா தா உசிக் அப்பா-அப்பா" என்பார். நம்மாட்கள் கதையே வேறு. நம்மாட்களுக்குக் கம்ப்யூட்டர் ஒரு சாமியாடி. "நான் சும்மாத்தாங்க ஒக்காந்திருந்தேன். அதுவா வந்துச்சு, அதுவா போயிருச்சு."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஸ்பெக்ஸை மூக்கின் நுனிக்குத் தள்ளி, கோமளா ஒன்றே ஒன்றுதான் சொல்வாள். "சரி, வைங்க. மெஷினே சொல்லும்."

அலோர் காஜா பக்கம் இருந்த அந்தக் கையுறைத் தொழிற்சாலையில், தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அவள் மேசைக்கு எல்லாரும் வைத்திருந்த பெயர் 'கஸ்டம்ஸ்'. கம்பெனி லேப்டாப்பை வீட்டுக்கோ வெளியூருக்கோ கொண்டுபோய், அங்கிருந்து கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தின் கம்ப்யூட்டருக்குள் நுழைய வேண்டுமென்றால், முதலில் அந்த மேசையைத் தாண்ட வேண்டும். வி.பி.என். என்று அதற்குப் பெயர். அப்படியென்றால் என்ன என்று கேண்டீனில் பாக்கியலட்சுமி கேட்டபோது கோமளா சொன்ன விளக்கம் தொழிற்சாலை முழுக்கப் பரவிவிட்டது.

"இண்டர்நெட்டுங்கிறது எல்லாரும் போற ஜாலான், பொது ரோடு. அதுல நம்ம கம்பெனி சரக்கத் தொறந்த லோரில ஏத்திவிட்டா கண்டவன் கைய விடுவான்ல? அதனால நாலு பக்கமும் மூடி, பூட்டுப் போட்டு ஒரு வேன் விடுறோம். அதான் வி.பி.என். ஆனா வேனு பத்திரமா இருந்து என்ன புண்ணியம்? ஏறுற ஆளு சீக்குக்காரனா இருந்தா? அதப் பாக்கத்தான் நானு."

சீக்கு பார்ப்பதில் அவள் கறார். வைரஸ் தடுக்கும் மருந்துக் கோப்பு புதிதாக இருக்க வேண்டும். கடவுச்சொல் பெண்டாட்டி பெயராக இருக்கக் கூடாது. காசு கொடுத்து வாங்காத புரோகிராம் எதுவும் ஒளிந்திருக்கக் கூடாது. கோப்புகள் ஊருக்கெல்லாம் திறந்து கிடக்கக் கூடாது. நான்கும் சரியாக இருந்தால்தான் மூடியின் மேல் பச்சை ஸ்டிக்கர். பொது மேலாளரின் லேப்டாப்பில் அவர் மகன் ஏற்றிவைத்திருந்த கார் பந்தய விளையாட்டைக் கண்டுபிடித்து, "இதுல ஒங்க மகன் நல்லா ஓட்டுறான் சார், ஆனா உள்ள விட முடியாது" என்று திருப்பி அனுப்பியவள் அவள்.

ரெம்பியா ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநரின் மகள் அவள். அதே தொழிற்சாலையில் கையுறைகளுக்குள் காற்றை ஊதி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வரிசையில்தான் முதலில் நின்றாள். மாலை நேரங்களில் மலாக்கா டவுனுக்கு பஸ் ஏறிக் கம்ப்யூட்டர் படித்து, பிறகு மேலே வந்தாள். "வேல ஒன்னும் மாறலலா" என்பாள். "அப்பயும் ஓட்ட பாத்தேன், இப்பயும் ஓட்டதான் பாக்குறேன்."

இப்படிப்பட்ட கோமளா பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்த ஒரு லேப்டாப், ஒரே வாரத்தில் இரண்டு தடவை திரும்பி வந்தது.

அது மருதமுத்துவின் லேப்டாப். உற்பத்தித் திட்டப் பிரிவில் எந்த இயந்திரத்தில் எந்த அளவுக் கையுறை எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்கிறவர். புலாவ் செபாங்கில் ரயில் பாதைக்குப் பக்கத்து வரிசை வீடு. ஆள் வாய்க்காரர். ராகு காலம் பார்த்து இயந்திரத்தை ஓடவிடலாமா என்று யாராவது கேட்டுவிட்டால் தீர்ந்தது. "ஏன், ராகு காலத்துல சம்பளம் போட்டா வேணான்னு சொல்லிருவியா?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி வாருவார்.

அந்த வாரம் அவரிடம் அந்த வாய் இல்லை. இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது பழைய கம்ப்யூட்டர்கள் தடுமாறும் என்ற பயத்தில், திட்டப் பிரிவின் வேலை முழுவதையும் தலைமை அலுவலகத்துப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். திட்டக்காரர்கள் எல்லாரும் திங்கட்கிழமை முதல் கோலாலம்பூரில் போய் உட்கார வேண்டும். வருஷக் கடைசி வரைக்கும் அங்கேதான். மருதமுத்துவின் மனைவி திலகாவுக்கோ ஆறாம் மாதம். ஏற்கெனவே இரண்டு தடவை கலைந்திருந்தது. இந்தத் தடவை படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இல்லை.

நிர்வாக மேலாளர் ஹரிதாஸ் தலைமை அலுவலகத்தோடு மல்லுக்கட்டி ஒரு வழி வாங்கிக் கொடுத்தார். மருதமுத்து வீட்டிலிருந்தே வி.பி.என். வழியாக வேலை பார்க்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை அலுவலகம் மூடுவதற்குள் அவர் வீட்டு டெலிபோன் லைனிலிருந்து ஒரு தடவையாவது உள்ளே நுழைந்து காட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை கோலாலம்பூர் பஸ்தான்.

முதல் தடவை லேப்டாப் வந்தபோது கோமளா பார்த்தாள். தேதி தப்பாக இருந்தது. செப்டம்பர் நடந்துகொண்டிருக்க, அது இன்னும் ஜூலையில் உட்கார்ந்திருந்தது. திருத்தினாள். மருந்தைப் புதுப்பித்தாள். ஆபீஸ் லைனில் கோலாலம்பூரைக் கூப்பிட்டாள். கீகீ என்று கத்தி, கர்ர் என்று காறி, உள்ளே போனது. ஸ்டிக்கர் ஒட்டினாள்.

மறுநாள் மருதமுத்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். "வீட்டுல போட்டா உள்ள விட மாட்டேங்குது தங்கச்சி."

திறந்தாள். மறுபடி ஜூலை.

"எதையாச்சும் தொட்டீங்களாண்ணே?"

"நான் எதத் தொட்டேன்? நான் ஒன்னுமே தொடலையே."

உள்ளே தேதியைக் காப்பாற்றும் குட்டி பேட்டரி செத்திருக்கும் என்று முடிவு செய்து, மூடியைக் கழற்றிப் புதிதாகப் போட்டாள். எல்லாம் சரியாக ஓடியது. அடுத்த நாள் வீட்டில் மறுபடி கதவு சாத்தியது. மருதமுத்து இந்தத் தடவை போனில் சொன்னார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

கேண்டீனுக்கு இது போதாதா. டேவிட் டான் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தான். "கோமளா, யுவர் கஸ்டம்ஸ் ஸ்டாம்ப் எக்ஸ்பையர்ட் ஆ?" பாக்கியலட்சுமி சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "டாக்டரு கைராசி போச்சாம்லா" என்றாள். கோமளா மேசையைக் கைவிரலால் தட்டினாள். "சிரிங்க சிரிங்க. தப்பு என் பக்கம்னா இதே எடத்துல நின்னு நானே சொல்றேன். என் பக்கம் இல்லன்னா ஆளுக்கு ஒரு தட்டு மீ கோரேங் வாங்கித் தரணும்."

வெள்ளிக்கிழமை காலை மருதமுத்து வந்து சேர்வதற்கு முன்பே ஹரிதாஸ் வந்துவிட்டார். அவர் பேச்சு எப்போதும் ஆங்கிலத்தில் ஸ்டார்ட் ஆகி, மேடு ஏற முடியாமல் தமிழில் கியர் மாற்றும்.

"லுக், கோமளா. டைம் இல்ல. வாட் ஐ சஜஸ்ட் இஸ்... என் லேப்டாப்ப அவன்கிட்ட குடுத்துரு. என் பாஸ்வேர்டு போட்டு ஒரு தடவ உள்ள போயிட்டு வரட்டும். கேஎல் ஹெட் ஆபீஸ்ல யாரு பாக்கப் போறா? லைன் அவன் வீட்டு லைன்தானே."

"முடியாது சார்."

"ஜஸ்ட் ஒன் டைம் லா."

"சார், உள்ள போறது யாருன்னு தெரியாம வுடுறதுக்கு எதுக்கு சார் நான்? ஒரு குறுக்குக் கம்பு போட்டு, ஒரு கயிறு கட்டிட்டுப் போயிரலாமே. அதுவுமில்லாம, திங்கக்கெழம ஒங்க மெஷின் ஒங்ககிட்ட வந்துரும். அவருகிட்ட இருக்கப் போறது அவரு மெஷின்தான். அது ஓடலன்னா பாதி வேலையில நின்னு, அப்ப கேஎல்லுக்கு இழுப்பாங்க. அண்ணி தனியா கெடக்கும்."

ஹரிதாஸ் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். "ஸோ? சாயங்காலத்துக்குள்ள?"

"சாயங்காலத்துக்குள்ள."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்கே தெரியாது. ஆனால் தெரியாது என்பது முகத்தில் தெரிய விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

மருதமுத்து பையை மேசையில் வைத்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கோமளா இந்தத் தடவை மருந்தையோ கடவுச்சொல்லையோ தொடவில்லை. மூடியைத் திறந்ததும் நேராக ஓரத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஜூலை பத்தொன்பது.

கன்னத்தில் கை வைத்தாள். முதல் தடவையும் பத்தொன்பதுதான். இரண்டாவது தடவையும் பத்தொன்பதுதான்.

பேட்டரி செத்துப்போகிற லேப்டாப்பை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். செத்தால் அவை ஒரேயடியாக எண்பதாம் வருஷத்துக்கு ஓடிப்போகும், செய்யும்போதே உள்ளே எழுதி வைத்த முதல் நாளுக்கு. இது போகவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் வீட்டு ஞாபகம் வந்த மாடுபோல நேராக ஜூலை பத்தொன்பதுக்கே போய் நிற்கிறது. இயந்திரத்துக்குக் கோளாறு வரும், பிடிவாதம் வராது. பிடிவாதம் மனுஷனுக்குத்தான் வரும்.

"அண்ணே," என்றாள், குரலை இறக்கி. "இந்தாளு ஜூலை பத்தொன்பத வுட்டு வரமாட்டேங்குறாரு. அன்னிக்கி என்னா விசேஷம்?"

"என்னா விசேஷம்? ஒன்னும் இல்லையே."

"யாரு தேதிய மாத்துறது? அண்ணியா?"

"சேச்சே. அவ படுத்துக் கெடக்குறா பாவம்."

"அப்ப ஒங்க வீட்டுல வேற யாரு இருக்கா? பூனையா?"

மருதமுத்து சுற்றிலும் பார்த்தார். அடுத்த மேசையில் ஆள் இல்லை. நாற்காலியை முன்னால் இழுத்தார். வரிசையே அதிரப் பேசுகிற மனிதர், கோயிலில் செருப்பைத் தொலைத்தவர்போலக் குனிந்தார்.

"சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல."

"யாருகிட்டயும் சொல்லக் கூடாது. முக்கியமா அந்த மெஷின் லைன் பொம்பளைங்ககிட்ட."

"சொல்லுங்கண்ணே மொதல்ல."

"ஜாதகம்."

கோமளா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவருடைய மைத்துனன் அங்கமுத்து, தம்பின் டவுனில் கார் உதிரிக் கடை வைத்திருப்பவன், ஒரு டிஸ்கட்டில் ஜாதகம் கணிக்கும் புரோகிராம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். தமிழிலேயே கட்டம் போட்டு, நட்சத்திரம், திசை எல்லாம் சொல்லும். லேப்டாப்பில் ஏற்றாமல் டிஸ்கட்டிலிருந்தே ஓடும் என்பதால் கோமளாவின் சோதனையில் அது சிக்கவில்லை. ஆனால் அது பணம் கட்டாத மாதிரிப் பிரதி. முதலில் திறந்த நாளிலிருந்து ஒரு மாதம்தான் ஓடும். மாதம் முடிந்ததும் பூட்டிக்கொண்டது. அங்கமுத்துவே வழியும் சொல்லிக் கொடுத்தான். "மச்சான், கம்ப்யூட்டர் தேதிய அந்த மாசத்துக்குத் திருப்பி வைங்க. அதுக்கு என்னா தெரியும்? தொறந்துக்கும்."

திறந்துகொண்டது. அதனால் ஒவ்வொரு மாலையும் வீட்டுக்குப் போனதும் மருதமுத்து தேதியை, அதை முதலில் திறந்த ஜூலை பதினெட்டுக்குத் தள்ளுவார்; விடிந்தால் அது பத்தொன்பது. வரப்போகிற நாட்களில் எது ஆபத்து, எது நல்லது, எந்த நட்சத்திரத்தில் பிறந்தால் பிள்ளை நிலைக்கும் என்று கட்டம் கட்டமாகப் பார்ப்பார். பார்த்து முடித்தபிறகு வி.பி.என். போடுவார். தேதியைத் திரும்ப எடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

"அது வெறும் தேதிதானே தங்கச்சி. டெலிபோன் லைனுக்கும் தேதிக்கும் என்னா சம்பந்தம்?"

கோமளாவுக்கு இப்போது சிரிப்பு போய்விட்டது. ராகு காலத்தைக் கிண்டல் பண்ணுகிற மனிதர், பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாமல் ஒரு டிஸ்கட்டிடம் போய்க் கையேந்தியிருக்கிறார். இரண்டு தடவை இழந்தவருக்கு எதைப் பிடித்தால் என்ன.

"சம்பந்தம் இருக்குண்ணே," என்றாள், மெதுவாக. "இதுக்குள்ள நான் ஒரு காவக்காரன ஒக்கார வெச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் வேன்ல ஏத்துறதுக்கு முன்ன அவன் மருந்துத் தேதியப் பாப்பான். மருந்து செப்டம்பர்ல செஞ்சது. மெஷினு சொல்லுது இன்னிக்கி ஜூலைன்னு. இன்னும் செய்யாத மருந்த எப்படிக் குடிச்ச, நீ பொய் சொல்றேன்னு கதவச் சாத்திட்டான். அவன் செஞ்சது சரிதான். அவன மாதிரி ஆளு கம்பெனிக்கே கெடைக்காது."

"அப்ப தப்பு?"

"ஒங்களுது பாதி. என்னுது பாதி. பேட்டரின்னு நெனச்சேன் பாருங்க, அது என் தப்பு." சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். "டிஸ்கட் எங்க?"

அது பையிலேயே இருந்தது. கோமளா அதைத் தன் சோதனைக் கம்ப்யூட்டரில் போட்டாள். சிவப்புக் கட்டம் ஒன்று எழுந்து கத்தியது. வைரஸ். எத்தனை உதிரிக் கடை, எத்தனை மச்சான் கை மாறி வந்ததோ. லேப்டாப்பை முழுக்கச் சோதித்தாள். இந்தப் பக்கம் இன்னும் தாவவில்லை. டிஸ்கட் உள்ளே கிடக்கும்போது ஒரு தடவை கம்ப்யூட்டரை ஸ்டார்ட் பண்ணியிருந்தால் போதும், தாவியிருக்கும். அங்கிருந்து வேன் ஏறிக் கோலாலம்பூருக்கும் போயிருக்கும்.

மருதமுத்துவின் முகம் வெளுத்தது. "ஹரிதாஸுக்குத் தெரிஞ்சா?"

"தெரியணும்ணே. வைரஸ் வந்துச்சு, புடிச்சேன்னு சொல்லுவேன். காசு கட்டாத புரோகிராம் இருந்துச்சு, எடுத்தேன்னும் சொல்லுவேன். அது என்னா புரோகிராம்னு சார் கேட்டா ஒங்ககிட்ட அனுப்புறேன். நீங்க சொல்லிக்கங்க."

"ஒரே ஒரு தடவ தொறந்து பாத்துட்டு அழிக்கலாமா? வர்ற அமாவாச மட்டும்..."

"அண்ணே."

"சரி."

"ஜாதகம் பாக்குறது தப்புன்னு நான் சொல்லல. தம்பினுக்குப் போங்க, ஒங்க மச்சான் கம்ப்யூட்டர்ல பாருங்க, காசு கட்டி வாங்குங்க. கோயில்ல போயிகூடப் பாருங்க. இந்த மெஷினு ஒங்கள வீட்டுல வெச்சிருக்கத்தான். அத மட்டும் செய்யட்டும்."

அவர் தலையை ஆட்டினார். டிஸ்கட்டிலிருந்து அதை அழிக்கும் பொத்தானை அவர் கையாலேயே அழுத்தச் சொன்னாள். அழுத்தினார்.

மதியம் சாய்ந்துவிட்டது. இனி அவரைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனமில்லை. ஹரிதாஸிடம் நடந்ததைச் சொன்னாள். வைரஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் தன் லேப்டாப் இருக்கும் பக்கமாக ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். என்ன புரோகிராம் என்று கேட்கவே இல்லை. "கோ, கோ," என்றார். "ஃபைவ் ஓ கிளாக் நான் கேஎல்லுக்குப் பேசணும்."

மருதமுத்துவின் குட்டி 'கஞ்சில்' காரில் போனார்கள். வழியெல்லாம் செம்பனை லோரிகள் முன்னால் ஊர்ந்தன. மருதமுத்து ஹாரனில் கை வைத்தபடியே ஓட்டினார். "லோரிய ஒன்னும் சொல்லாதீங்கண்ணே," என்றாள் கோமளா. "எங்க அப்பாவா இருந்தாலும் இருக்கும்."

புலாவ் செபாங் வீட்டின் ஹாலில், கட்டிலை ஜன்னலோரமாகப் போட்டிருந்தார்கள். திலகா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். காலுக்குக் கீழே இரண்டு தலையணை. கோமளாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"அண்ணி, எந்திரிச்சீங்க, ஒங்க மேலயும் செகப்பு ஸ்டிக்கர் ஒட்டிருவேன்."

"நீதான் கஸ்டம்ஸ் கோமளாவா? ஒன்னயப் பத்தி இவரு பேசாத நாளு இல்லம்மா. திட்டித்தான்."

டெலிபோன் வயரைக் கழற்றி லேப்டாப்பில் செருகினார்கள். முதல் தடவை லைனே கிடைக்கவில்லை. அறையில் இருந்த இணைப்புப் போனை யாரோ சரியாக வைக்காமல் விட்டிருந்தார்கள். மருதமுத்து ஓடிப்போய் வைத்தார். இரண்டாவது தடவை கீகீ என்று கத்தி, கர்ர் என்று காறி, பாதியில் நின்றது. தம்பின் பக்கம் போகிற ரயில் ஒன்று ஜன்னலைக் குலுக்கிக்கொண்டு கடந்தது. மருதமுத்துவின் கை தன்னையறியாமல் கடிகாரத்தின் மேல் போனது. கோமளா அந்தக் கையில் ஓர் அடி வைத்தாள்.

"நான் ஒன்னும் தொடலையே," என்றார் அவர்.

"தொடவும் வேணாம். இன்னொரு தடவ கூப்பிடுங்க. லைன்தான் எளச்சிருக்கு. உள்ள எல்லாம் சரியா இருக்கு, எனக்குத் தெரியும்."

மூன்றாவது தடவை காவற்காரன் தேதியைப் பார்த்தான், மருந்தைப் பார்த்தான், ஒதுங்கி நின்றான். கோலாலம்பூர் திறந்துகொண்டது. திங்கட்கிழமை ஓட வேண்டிய இயந்திரங்களின் அட்டவணை, அந்தச் சின்னத் திரையில் வரிவரியாக வந்து நின்றது.

"வந்துருச்சா?" என்றாள் திலகா, கட்டிலிலிருந்து.

"வந்துருச்சு."

"அப்பறம் ஏன் இத்தன நாளு வரல?"

மருதமுத்து கோமளாவைப் பார்த்தார். கோமளா திரையைப் பார்த்தாள். அவள் சொல்லப் போவதில்லை என்று தெரிந்ததும் அவர் கட்டிலோரம் போய் உட்கார்ந்து, மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னார். ஜூலை, கட்டம், நட்சத்திரம், எல்லாவற்றையும். திலகா தலையணையில் முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"என்னயக் கேட்டிருந்தா நானும் சேந்து பயந்திருப்பேன்ல," என்றாள். "தனியாவா பயப்படுறது?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

கோமளா தொண்டையைச் செருமினாள். "அண்ணே, ஐஞ்சாகப் போவுது. லைன் இருக்கப்பவே சாருக்கு ஒரு மெயில் தட்டுங்க. போன் பண்ண முடியாது, போன் லைனுதான் இதுல மாட்டியிருக்கு. மெயில் போனாத்தான் அவரு கேஎல்லுக்குப் பேசுவாரு."

மருதமுத்து வந்து உட்கார்ந்தார். ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார்.

"என்னா எழுதுறீங்க?" என்றாள் திலகா.

"வீட்டுல இருக்கேன்னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்," என்று சொல்லி, அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.